பாய் தைப்பது வேறு, படகு வரைவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நாளிதழ்களின் வழிகாட்டிப் பக்கங்களில் கடல்சார் படிப்புகளுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. மாலுமிப் பயிற்சி, மரைன் இன்ஜினியரிங், துறைமுக மேலாண்மை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் யாட் எனும் உல்லாசப் படகின் வடிவமைப்பையும், காற்றைப் பிடிக்கப் படகில் ஏற்றும் பாயின் தயாரிப்பையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் பிள்ளைகளைக் குழப்புகிறது. பாய் தைப்பது ஊசியும் துணியுமாகச் செய்யும் கைத்தொழில். பத்தாம் வகுப்போடு நின்றவரும் அதில் தேர்ந்துவிடலாம். படகு வரைவது கணக்கும் இயற்பியலும். நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்புப் பொறியியல், பட்டம் இல்லாமல் அதற்குள் நுழைவது இன்றைக்குக் கடினம். இரண்டிலும் எப்படி வேலை நடக்கிறது, எங்கே பிசகுகிறது என்பதைத் தனித்தனியே சொன்னால்தான் படிக்கிற பிள்ளைக்கு எது தனக்கு என்று புரியும்.

முதலில் ஒரு சொல். பாய்மரம் என்பது நிற்கும் கம்பம். அதில் ஏறும் துணிதான் பாய். 'பாய்மரம் கிழிந்தது' என்று செய்தியில் எழுதினால் தூத்துக்குடித் தோணிக்காரர் சிரிப்பார். பாயைத் தாங்கும் குறுக்குக் கம்புக்குப் பருமல் என்றும், பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும் நம் கடற்கரையில் பெயர் இருக்கிறது. பாடப்புத்தகம் எழுதுவோர் புதிதாகச் சொல் உருவாக்க உட்காருமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

பாய்க்கு வருவோம். பாய் தட்டையான துணி என்பது கரையிலிருந்து பார்ப்பவர் நினைப்பு. 3 மீட்டர் அகலமுள்ள இடத்தில் அதற்கு ஏறத்தாழ 30 செ.மீ. குழிவு வேண்டும். அந்தக் குழிவின் ஆழமான புள்ளி முன்விளிம்பிலிருந்து 40, 45 சதவீதத் தொலைவில் விழ வேண்டும். தட்டையாக நெய்து வந்த துணியில் இந்தக் குழிவைக் கொண்டுவருவதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. ரவிக்கைக்கு டாட் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது பாதி புரிந்த விஷயம். துணிப்பட்டைகளின் ஓரத்தை நேர்க்கோடாக வெட்டாமல் மெல்லிய வில்லாக வெட்டி அடுத்த பட்டையோடு இணைக்கிறார்கள். முன்விளிம்புப் பக்கம் ஒரு மூட்டுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை கூடுதலாக உள்ளே பிடித்தால் துணி தானாகக் குழிகிறது. இதுபோக முன்விளிம்பையே சற்று வெளியே வளைத்து வெட்டுவதும் உண்டு. நேரான மரத்தில் அதை ஏற்றும்போது மிகுதித் துணி உள்ளே தள்ளப்பட்டுக் குழிவாகிறது.

இங்கே வரும் முதல் பிழை மரத்தின் வளைவைக் கேட்காமல் வெட்டுவது. காற்று ஏறும்போது பல படகுகளின் பாய்மரம் நடுவில் முன்பக்கமாக வளைந்து கொடுக்கும். நேரான மரத்துக்கென்று வெட்டிய பாயை அப்படிப்பட்ட மரத்தில் ஏற்றினால் குழிவு முழுவதையும் மரமே இழுத்துக்கொள்ளும். பாய் பலகைபோல் தட்டையாகி, பின்மூலையிலிருந்து முன்விளிம்பின் நடுப்பகுதி வரை சாய்வாகச் சுருக்கங்கள் ஓடும். வாடிக்கையாளர் துணி மட்டம் என்று சண்டைக்கு வருவார். துணியில் குற்றமில்லை, அளவெடுக்கப் போனவர் மரத்தின் உயரத்தையும் பருமலின் நீளத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு திரும்பியிருப்பார்.

துணியைப் பற்றி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. டேக்ரான் என்று சந்தையில் சொல்லும் பாலியஸ்டர் துணியில் நெடுக்கே ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடையின் மேலும் கீழும் நெளிந்து போகிறது; ஊடை நூல் நேராகக் கிடக்கிறது. நெளிந்த நூல் இழுத்தால் முதலில் நிமிரும், அதாவது நீளும். நேரான நூல் நீளாது. பாயில் அதிக இழுவை வருவது பின்விளிம்பு நெடுக. ஆகவே ஊடை நூல் பின்விளிம்புக்கு இணையாக அமையும்படி பட்டைகளைக் குறுக்காகப் போடுகிறார்கள். சாதாரணப் பாய்களில் மூட்டுகள் பின்விளிம்புக்குச் செங்குத்தாக ஓடுவது இதனால்தான். மூலைவாட்டில் இழுத்தால் எந்த நெசவும் நீளும். அதை அடக்கத்தான் பாய்த்துணிக்கு ரெசின் ஏற்றி மொடமொடப்பாக்குகிறார்கள்.

துணி வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. பாய்த்துணியின் எடையை அவுன்ஸில் சொல்வார்கள். அந்த அவுன்ஸ் 28½ அங்குலத்துக்கு 36 அங்குலத் துண்டின் எடை. 1 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 43 கிராம். தார்ப்பாய், கூடாரத் துணி விற்பவர் சொல்லும் அவுன்ஸ் சதுர கெஜத்துக்கு. அது 34 கிராம்தான். 10 மீட்டர் படகின் பெரிய பாய்க்கு வேண்டிய 7 அவுன்ஸ் என்பது 300 கிராம் துணி. அதே 7 அவுன்ஸைக் கூடாரக் கணக்கில் கேட்டு வாங்கினால் 240 கிராம்கூட வராது. நிறமும் தடிமனும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பலத்த காற்றில் நாலு முறை போய்வந்ததும் வேறுபாடு தெரிந்துவிடும்.

தையல் மெஷினில் இன்னொரு படிப்பினை. திருப்பூரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் இதற்கு உதவா. நேர்த்தையல் போட்டால் மூட்டு இழுபடும்போது நூல் முதலில் அறும். ஜிக்ஜாக் வேண்டும், 4, 5 மி.மீ. அகலம், ஏறக்குறைய அதே நீளம். துணி வழுக்கும் என்பதால் மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் வேண்டும். அதற்கும் முன்பு இருபக்கமும் ஒட்டும் டேப்பால் மூட்டை ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் தைத்தால் 4 மீட்டர் மூட்டில் ஓர் அடுக்கு சில மில்லிமீட்டர் ஓடிவிடும். 10 மூட்டில் ஒவ்வொன்றும் அகலத்தில் 2 மி.மீ. பிசகினால் பின்விளிம்பின் நீளத்தில் 20 மி.மீ. பிசகு. பின்விளிம்பு குறைந்தால் கொக்கிபோல் உள்ளே மடங்கும். கூடினால் ஓயாமல் படபடக்கும். சட்டையில் 2 மி.மீ. யாருக்கும் தெரியாது, பாயில் கரையிலிருந்தே தெரியும்.

டேப்பின் பசை ஊசியில் ஏறித் தையல் விட்டுவிட்டு விழுவது புதியவர்களைத் திணறடிக்கும். மெஷினைக் கழற்ற வேண்டாம். ஊசியில் சிலிக்கான் தடவித் துடைத்தால் போதும். நூல் பாண்டட் பாலியஸ்டர், 69 அல்லது 92 எண். பெரிய படகின் மூலைகளுக்கு 138. 92 எண் நூலுக்கு 18 அல்லது 20 எண் ஊசி. மொடமொடப்பான துணிக்குள் நூல் முடிச்சு புதையாது, மேலேயே நிற்கும். பருத்தித் துணியில் பழகியவர்கள் டென்ஷன் சரியில்லை என்று திருகிக்கொண்டே இருப்பார்கள். விட்டுவிடலாம். ஆனால் அப்படி மேலே நிற்பதால்தான் வெயில் முதலில் நூலைத் தின்கிறது. ஒரு பாய் சாகும்போது பெரும்பாலும் துணிக்கு முன் தையல் செத்திருக்கும். சோதிப்பது எளிது: மூட்டின் மேல் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீற வேண்டும். நூல் பொடிந்தால் கிழிந்த இடத்தை மட்டும் தைத்துப் பயனில்லை, எல்லா மூட்டுகளையும் மறுபடி தைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஒட்டுப்போட்டுக் கொடுக்கிற கடைக்கு அடுத்த மாதமே அந்தப் பாய் திரும்பி வரும்.

மூலைகள் தனிக் கலை. காற்றின் விசை முழுவதும் கடைசியில் மூன்று மூலைகளில்தான் இறங்குகிறது. ஒன்றைவிட ஒன்று பெரிதாக நான்கைந்து ஒட்டுத்துண்டுகளை விசிறிபோல் விரித்துத் தைத்து, வளையத்தை அழுத்தி இறக்குகிறார்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே இடத்தில் முடிந்தால் அந்தக் கோட்டில் துணி மடிந்து கிழியும். ஆகவே படிப்படியாக முடிக்க வேண்டும். மெஷின் நுழையாத தடிமனில் உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டி, முக்கோண முனை ஊசியால் மெழுகு நூல் கோத்துக் கையால்தான் தைக்க வேண்டும். ஓரங்களைக் கத்தரியால் வெட்டக்கூடாது, சூடேறும் கத்தியால் உருக்கி வெட்டினால்தான் பிசிறாது. இடமும் வேண்டும். 12 மீட்டர் உயரப் பாயை விரிக்க 15 மீட்டர் நீளத் தரை, பளபளப்பான மரத்தரையாக இருந்தால் நல்லது. மெஷினைத் தரையில் குழிவெட்டி இறக்கி, மேடை தரைமட்டத்துக்கு வரும்படி அமைப்பார்கள். தைப்பவர் குழிக்குள் உட்கார்ந்திருப்பார். மற்றவர்களுக்கு நாள் முழுக்க முழங்காலில்தான் வேலை. இதைச் சொல்லாத வழிகாட்டி வழிகாட்டியே அல்ல.

இன்று பெரிய பட்டறைகளில் வடிவம் கணினியில் பிறக்கிறது. செயில்பேக் போன்ற மென்பொருளில் பாயை உருவாக்கினால் பட்டைகளை அதுவே பிரித்துத் தருகிறது, பிளாட்டர் வெட்டுகிறது. பந்தயப் படகுகளுக்கு நெசவையே விட்டுவிட்டார்கள். உலகின் பெரிய பாய் நிறுவனமான நார்த் செயில்ஸ், கார்பன், அராமிட், டைனீமா இழை நாடாக்களை இழுவை ஓடும் திசையிலேயே அடுக்கி, அச்சின் மேல் வெற்றிடத்தில் அழுத்திச் சூடேற்றி, மூட்டே இல்லாமல் பாய் செய்கிறது. அப்படிச் செய்யும் கூடம் அமெரிக்காவின் நெவாடாவிலும் இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் இலங்கையிலும் இருக்கிறது. ஐரோப்பாவின் படகுத்துறைகளில் ஏறும் பாய்களில் கணிசமானவை இலங்கையிலும் தாய்லாந்தின் புக்கெட்டிலும் பிலிப்பைன்ஸின் செபுவிலும் தைக்கப்பட்டவை. ஆடைத்தொழிலில் தேர்ந்த கைகள் இருந்த இடத்தைத் தேடித்தான் இந்தத் தொழில் வந்திருக்கிறது.

நம் ஊரில் வாய்ப்பு எங்கே என்று கேட்டால் பலரும் ஒலிம்பிக் போனவர்களைக் காட்டுவார்கள். நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கணபதி, வருண் தக்கர் எல்லோரும் தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் அவர்கள் ஓட்டும் இல்கா, 49இஆர் வகைப் படகுகளுக்கு உரிமம் பெற்ற தயாரிப்பாளரின் பாய் மட்டுமே செல்லும். உள்ளூரில் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் போட்டியில் ஏற்ற முடியாது. கிழிசலைத் தைத்துத் தரலாம், வடிவத்தைத் தொடக்கூடாது. சிறுவர்கள் பழகும் ஆப்டிமிஸ்ட் வேறு கதை. 2.3 மீட்டர் படகு, 3 சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான பாய். அந்தப் படகு வகைக்கான சங்கத்தின் முத்திரையும் அளவுச் சோதனையும் இருந்தால் யார் தைத்ததும் செல்லும். 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கும் சென்னைத் துறைமுகத்தில் ஆப்டிமிஸ்ட் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருபவர் கைபழகவேண்டியது இந்தச் சின்னப் பாயில்தான். அதுவும் பழுது பார்ப்பதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். பாய் மட்டும் தைத்து இங்கே கடை நடத்த முடியும் என்று நம்பவேண்டாம். படகு உறைகள், வெயில் மறைப்புகள், இழுவிசைக் கூரைகள், பாராசூட் பட்டைகள் என்று அதே மெஷினும் அதே நூலும் செய்யக்கூடியவற்றைச் சேர்த்துக்கொண்டால்தான் வருடம் முழுக்க வேலை இருக்கும்.

இனி படகு வரைவது. யாட் என்றால் உல்லாசப் படகு என்று மொழிபெயர்க்கிறோம். உல்லாசம் ஓட்டுபவருக்கு, வரைபவருக்குக் கூட்டல் கழித்தல்தான். ஐந்து டன் படகு, நீர்மட்டத்தில் 9 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் 7.3 நாட், அதாவது மணிக்கு 7.3 கடல் மைல். உடல் நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு அதற்குமேல் போக முயன்றால் தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு பாய் ஏற்றினாலும் வேகம் ஏறாது. நீர்மட்டப் பரப்பு 17 சதுர மீட்டர் என்றால் படகை 1 செ.மீ. அமிழ்த்த 175 கிலோ போதும். முதலாளி பிற்பாடு ஏசி, ஜெனரேட்டர், கூடுதல் தண்ணீர்த் தொட்டி என்று அரை டன் ஏற்றினால் 3 செ.மீ. அமிழும். அது பரவாயில்லை. எடை மேலே ஏறி ஈர்ப்பு மையம் 10 செ.மீ. உயர்ந்துவிட்டால்தான் வினை. 30 பாகை சாய்வில் படகை நிமிர்த்தும் நெம்பு, அதாவது எடை கீழே இழுக்கும் கோட்டுக்கும் நீர் மேலே தள்ளும் கோட்டுக்கும் இடையிலான தூரம், 5 செ.மீ. குறையும், 5 டன்னுக்கு 250 கிலோ-மீட்டர் நிமிர்த்துவிசை போய்விட்டது. அரை மீட்டர் நெம்பு இருந்த படகுக்கு இது பத்தில் ஒரு பங்கு. ஆகவே வடிவமைப்பு அலுவலகத்தில் புதியவருக்குக் கொடுக்கும் வேலை அழகான கோடு வரைவதல்ல, எடைப் பட்டியல். ஒவ்வொரு தாழ்ப்பாளும், ஒவ்வொரு பேட்டரியும், அது இருக்கும் உயரமும். வருடக்கணக்கில் இதுதான்.

கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1979-இன் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயம் சாட்சி. புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். எந்தக் கோணத்துக்குமேல் சாய்ந்தால் படகு தானாக நிமிராது என்ற கேள்வியை வடிவமைப்பாளர்கள் அதன்பின் பழையபடி அலட்சியம் செய்ய முடியவில்லை. இன்று நிலைப்புத்தன்மைக்கு ஐஎஸ்ஓ 12217, கட்டமைப்பு வலிமைக்கு ஐஎஸ்ஓ 12215 என்ற தரங்கள் இருக்கின்றன. 2014-இல் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிகி என்ற படகின் அடிக்கட்டை, அதாவது கீல், கழன்று நால்வர் மாண்டனர். கீல் போல்ட்டைப் பார்த்தால் போதாது. படகு எப்போதாவது தரைதட்டியிருந்தால் உள்ளே அடித்தளத்தோடு ஒட்டப்பட்ட சட்டகம் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்த விபத்து சொல்லும் பாடம். இந்தத் தரங்களைப் படித்து அலுக்காத பிள்ளைக்குத்தான் இந்தத் துறை.

இரண்டு தொழிலும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பாயின் விசை மையம் நீருக்கடியில் உள்ள உடலின் எதிர்ப்பு மையத்துக்கு முன்னால், நீர்மட்ட நீளத்தில் 10 முதல் 17 சதவீதம் தள்ளி இருக்கும்படி வரைகிறார்கள். பாய் பழசாகித் துணி நீண்டுவிட்டால் குழிவு பின்னுக்கு நகரும். படகு காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கும், சுக்கானைப் பிடிப்பவரின் கை கடுக்கும். சுக்கான் சரியில்லை, வரைந்தவர் சரியில்லை என்று முதலாளி செலவு செய்யத் தொடங்குவார். அந்த நேரத்தில் ஒரு பழைய பாயைத் தரையில் விரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பெருஞ்செலவு மிச்சம்.

படிப்புக்கு வெளிநாடுதான் போகவேண்டும் என்பதில்லை. சென்னை ஐஐடியிலும் கானத்தூர் அமெட் பல்கலைக்கழகத்திலும், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகத்திலும், கொச்சிப் பல்கலைக்கழகமான குசாட்டிலும் நேவல் ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. ஆனால் பாடத்திட்டம் சரக்குக் கப்பலையும் போர்க்கப்பலையும் மனத்தில் வைத்தது. படித்து முடித்தவர்களும் பெரும்பாலும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் தரச்சான்று நிறுவனங்களுக்கும்தான் போகிறார்கள். பாயின் காற்றியக்கத்தையும் நாரிழை அடுக்குக் கணக்கையும் மாணவர் தாமாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெல்ஃப்ட்ஷிப் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒரு 6 மீட்டர் படகைக் கோட்டிலிருந்து எடைப் பட்டியல் வரை முழுமையாக முடித்து வைத்திருப்பவருக்கு, நேர்முகத்தில் மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் பேசும்.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் வரை உலகைச் சுற்றிவந்த கடற்படையின் பாய்மரப் படகான தாரிணி, கோவாவில் கட்டப்பட்டது. ஆனால் அதன் வரைபடம் நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் அலுவலகத்தில் பிறந்தது. கட்டும் திறமை இங்கே இருக்கிறது, வரைவதற்குத்தான் வெளியே போகிறோம். அதேசமயம் பழங்காலக் கப்பல் ஒன்றின் வடிவில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டி 2025-இல் கார்வாரில் கடற்படையில் சேர்த்த கௌண்டின்யா கப்பலின் மாதிரியைச் சோதித்தது சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை. வரைபடமே கிடைக்காத பழங்கப்பலுக்குக் கணக்குப் போட முடிந்தவர்களுக்கு ஒரு 10 மீட்டர் யாட் பெரிதல்ல.

ஆகவே ஆசிரியருக்கு எங்கள் கோரிக்கை இரண்டு. அடுத்த வழிகாட்டிப் பக்கத்தில் இவ்விரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். பாய் தைப்பதைத் தையல் தொழில்நுட்பம் படிக்கும் ஐடிஐ மாணவர்களின் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது. அந்த ஐடிஐ பாடத்தில் ஜிக்ஜாக் தையலுக்கும் செயற்கை இழைத் துணிக்கும் இரண்டு வாரம் ஒதுக்க முடியுமா என்று பயிற்சித் துறையிடம் கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டத் துடிக்கும் பெற்றோருக்கு இதையும் சேர்த்துப் போடலாம்: கழித்துப்போட்ட ஓர் ஆப்டிமிஸ்ட் பாயை வாங்கிக்கொடுத்து, ஒரு மூலையின் ஒட்டுத்துண்டுகளைத் தையல் பிரித்து, அளவெடுத்து, மறுபடி அதே துளைகளில் தைக்கச் சொல்லுங்கள். அதை முடித்தபின்னும் பிள்ளை அடுத்த மூலையைப் பிரிக்க உட்கார்ந்தால் பணம் கட்டலாம்.

இப்படிக்கு,
பாய்த் தையலும் படகு வரைபடமும் அறிந்த வாசகர்கள்,
சென்னை